காது கொடுத்து வாங்கிய பெட்டி

கத்தரிக்காயைப் பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள் நம் வீடுகளில் அநேகர் உண்டு. காம்பின் நிறத்தைக் கண்டே அது இன்று பறித்ததா, முந்தாநாள் பறித்ததா என்று சொல்லிவிடுவார்கள். தேங்காயைச் சுண்டிப் பார்த்து, முற்றலா இளசா என்று தீர்ப்புக் கூறுவார்கள். மண்பானையைத் தட்டிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காதினால் கண்டுபிடிப்பார்கள். இவ்வளவு சாமர்த்தியமும் உள்ள நாம், ஒலியையே விலைக்கு வாங்க வேண்டிய சமயம் வரும்போது மட்டும் என்ன செய்கிறோம்? பெட்டியின் நெற்றியில் ஒட்டியிருக்கும் பெயரைப் படிக்கிறோம். முதுகில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கைப் படிக்கிறோம். கடைசியில் விலைச் சீட்டையும் படித்துவிட்டு, "விலை அதிகம், ஆகையால் நல்லதாகத்தான் இருக்கும்" என்று முடிவு கட்டுகிறோம். காதினால் செய்ய வேண்டிய காரியம் முழுவதையும் கண்ணினாலேயே செய்து முடித்துவிட்டு, பிறகு வருஷக் கணக்கில் காதினால் அநுபவிக்கிறோம்!

இந்த விஷயத்தைப் பற்றி நான் யோசிக்கும்படி நேர்ந்தது ஒரு பேஸ் கிதாரின் ஸ்பீக்கர் பெட்டியினால். "பேஸ் கிதாருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று சில நேயர்கள் புருவத்தை உயர்த்தலாம். வயலினுக்கும் நமக்கும் ஒரு காலத்தில் என்ன சம்பந்தம் இருந்தது? அந்த மேனாட்டு வாத்தியத்தை பாலுஸ்வாமி தீக்ஷிதர் கையில் எடுத்தார். இன்று அது இல்லாத கச்சேரி கச்சேரியாகவே தோன்றுவதில்லை. மின்சார மாண்டலினில் யூ. ஸ்ரீநிவாஸ் ராகம் வாசித்ததையும் நம் தலைமுறை கேட்டுவிட்டது. பேஸ் கிதார் வயதில் இவற்றுக்கெல்லாம் தம்பி. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் தம் பேஸ் கிதாரை 1951-ஆம் வருஷத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அந்த வாத்தியம் உலகமெங்கும் பரவியது. 1976-இல் 'அன்னக்கிளி'யுடன் வந்த இளையராஜாவின் பாட்டுக்களைக் கூர்ந்து கேட்கும் ரஸிகர்களுக்கு, பாடகரின் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் தனக்கென்று ஒரு வழியில் நடந்து போவது நன்றாகத் தெரியும். அந்தக் குரல் பேஸ் கிதாரின் குரல்தான்.

நம் கச்சேரியில் தம்புரா என்ன உத்தியோகம் பார்க்கிறதோ, மிருதங்கத்தின் தொப்பி என்ன உத்தியோகம் பார்க்கிறதோ, அந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது பேஸ் கிதார். அது ஆதாரம், அதுவே நடை. அது இருக்கும்போது ஒருவரும் அதைக் கவனிப்பதில்லை. திடீரென்று நின்றுபோனால் மட்டும், "ஏதோ குறைகிறதே!" என்று எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் தாயாரின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான் அல்லவா?

சிட்லபாக்கத்தில் இருக்கும் என் தங்கையின் மகன் இந்த வாத்தியத்தை வாசிக்கிறான். வாரத்தில் ஐந்து நாள் காரியாலயம். மற்ற இரண்டு நாள் மெல்லிசைக் குழு. கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, குடியிருப்போர் சங்க ஆண்டு விழா என்று மாதம் சுமார் மூன்று கச்சேரிகள் கிடைக்கின்றன. கிதார் சொந்தம், ஆம்ப்ளிஃபயரும் சொந்தம். ஸ்பீக்கர் பெட்டி மட்டும் வாடகை. ஒரு கச்சேரிக்கு 1,500 ரூபாய் பெட்டிக்கே போய்விடுகிறது. "சொந்தமாக ஒரு பெட்டி இருந்தால்!" என்று இரண்டு வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தான். இந்தச் சமயத்தில் என் தங்கைக்குச் சீட்டுப் பணம் 50,000 ரூபாய் வந்தது.

அந்தப் பணத்துக்கு ஏற்கனவே ஒரு வேலை காத்திருந்தது. மொட்டை மாடி ஒழுகுகிறது. ஐப்பசி மழைக்குள் பழுது பார்த்தாக வேண்டும். சிட்லபாக்கம் வாசிகளிடம் மழையைப் பற்றி விளையாட்டாகப் பேச முடியாது. குரோம்பேட்டைக்கும் தாம்பரம் சானடோரியத்துக்கும் கிழக்கே, ஏரியை அண்டி வளர்ந்த ஊர் அது. பேரூராட்சியாக இருந்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சியுடன் சேர்ந்துவிட்டது. ஆனால் தண்ணீருக்கு எந்த ஆட்சியானால் என்ன? 2015-ஆம் வருஷத்து வெள்ளத்தை அந்தத் தெருக்கள் இன்னும் மறக்கவில்லை. ஆகவே தங்கை என்னிடம், "அண்ணா, எனக்குப் பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிள்ளையின் ஆசையும் தப்பில்லை. ஆனால் மாடியும் ஒழுகுகிறது. நீங்கள் கூட இருந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள்.

பார்க்க வேண்டியவை இரண்டு பெட்டிகள். ஒன்று, அயல்நாட்டுப் பெட்டி. பழையது, பத்தங்குல ஸ்பீக்கர்கள் நான்கு கொண்டது, உலகப் பிரசித்தி பெற்ற பெயர் தாங்கியது. உரிமையாளர் கேட்ட விலை 45,000. மற்றொன்று, பல்லாவரத்தில் மைக் செட்காரர்களுக்குப் பெட்டி செய்து கொடுக்கும் ஒரு தச்சர் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்தது. பன்னிரண்டங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு. விலை 22,000. நெற்றியில் எந்தப் பெயரும் இல்லை. இருவருமே, "இரண்டு நாள் வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள்" என்று பெருந்தன்மையுடன் சொன்னதால், இரண்டும் தங்கை வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தன.

மேலே போவதற்கு முன்னால், ஸ்பீக்கருக்குப் பெட்டி எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய ஸ்பீக்கரின் மூதாதையை ரைஸ், கெல்லாக் என்ற இரு அமெரிக்க எஞ்சினீயர்கள் 1925-இல் வெளியிட்டார்கள். ஒரு காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது. முன்னே போகும்போது முன்பக்கத்துக் காற்று நெருக்கப்படுகிறது. அதே கணத்தில் பின்பக்கத்துக் காற்று தளர்கிறது. பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு 41 தடவை அதிர்கிறது. நம் ஊர் வெப்பத்தில் அதன் ஒலி அலை ஒவ்வொன்றும் சுமார் 28 அடி நீளம்! இவ்வளவு நீண்ட அலைக்கு அந்தச் சிறு கூம்பின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு போவது ஒரு பிரமாதமா? முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழித்துவிடும். மிஞ்சுவது ஈ முனகுவது போன்ற சத்தந்தான். பின்னலையைச் சிறைப் பிடிப்பதற்காகவே பெட்டி ஏற்பட்டது.

சில பெட்டிகளில் பின்னலையை அடியோடு அடைத்துவிடுவார்கள். வேறு சிலவற்றில் ஒரு துவாரம் வைத்து, அதையும் வேலை வாங்குவார்கள். இந்த இரண்டாவது தந்திரத்துக்கு பெல் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த தூராஸ் என்பவர் 1932-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் மானாமதுரைக் குயவர்களுக்கு இதன் தத்துவம் நெடுநாளாகத் தெரிந்ததே. கடத்தின் வாயை வித்வான் வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் வாசிக்கும்போது 'கும்' என்ற நாதம் மாறுகிறதல்லவா? உள்ளே இருக்கும் காற்றின் அளவும் வாயின் அளவும் சேர்ந்துதான் அந்த நாதத்தை நிர்ணயிக்கின்றன. துவாரம் வைத்த ஸ்பீக்கர் பெட்டி ஒரு சதுரக் கடம். எந்த அளவுப் பெட்டிக்கு எந்த ஸ்பீக்கர், எவ்வளவு துவாரம் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் முறையை ஆஸ்திரேலியாவில் தீல் என்பவர் 1961-இல் வகுத்தார். ஸ்மால் என்பவர் 1970-களின் தொடக்கத்தில் விரித்தார். உலகமெங்கும் பெட்டி செய்பவர்கள் இன்று போடும் கணக்கு அதுதான்.

இந்தக் கணக்கில் ஓர் இரும்பு விதி இருக்கிறது. ஹாஃப்மன் என்ற அமெரிக்கர் பெயரால் அதை வழங்குகிறார்கள். பெட்டி சிறியதாக இருக்க வேண்டும். ஸ்வரம் தாழ்ந்து இறங்க வேண்டும். கொஞ்சம் மின்சாரத்தில் நிறைய ஒலி வர வேண்டும் என்று மூன்று ஆசைகள். மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். மூன்றாவதைத் தியாகம் செய்தே தீர வேண்டும். சம்பளமும் ஓய்வும் பிறந்த ஊரும் ஒருங்கே வேண்டும் என்றால் யாருக்குக் கிடைக்கிறது? ஆகையால், "மூன்றும் எங்கள் பெட்டியில் உண்டு" என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பெட்டியைப் பார்த்ததும் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "இதைச் செய்தவர் எதைத் தியாகம் செய்தார்?" என்பதுதான்.

வாட் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. '600 வாட்' என்று எழுதியிருந்தால், அந்தப் பெட்டி அவ்வளவு ஒலி கொடுக்கும் என்று அர்த்தமல்ல. அவ்வளவு மின்சாரத்தைப் பொசுங்காமல் தாங்கும் என்றுதான் அர்த்தம். ஒருவன் ஒரு படி அரிசிச் சோறு உண்பான் என்பதால் ஒரு படி வேலை செய்வான் என்று சொல்லிவிடலாமா? ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் என்பதே விசாரிக்க வேண்டிய எண். ஒன்று 94, மற்றொன்று 100 என்றால், முதற்பெட்டிக்கு நான்கு மடங்கு மின்சாரம் கொட்டினால்தான் இரண்டாவதற்குச் சமமாகும். விலை குறைவு என்று வாங்கிய பெட்டிக்காகப் பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கி ஏழையானவர்கள் உண்டு.

முதல் நாள் மாலை பையன் அறையில் அயல்நாட்டுப் பெட்டியில் வாசித்தான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவன் முகத்தில் பெருமிதம் தாங்கவில்லை. அப்போது பக்கத்து வீட்டு மிருதங்க வாத்தியார் மதிற்சுவர் ஓரமாக வந்து, "ஏனப்பா தம்பி, எத்தனை ஸ்வரம் வாசித்தாலும் எங்கள் பக்கம் ஒரே ஸ்வரமாக வந்து விழுகிறதே! அது என்ன ராகம்?" என்று கேட்டார். எழுபது வயதைத் தாண்டியவர். ஹெர்ட்ஸும் டெசிபலும் அறியாதவர். பையன் சிறிது திடுக்கிட்டு, பல்லாவரத்துப் பெட்டியில் அதே வரிகளை வாசித்தான். "இதுவும் அதே ஸ்வரத்தில்தான் வந்து விழுகிறது!" என்றார் வாத்தியார்.

இரண்டு பெட்டியிலும் ஒரே குற்றம் இருக்குமானால், குற்றவாளி மூன்றாவதாக ஒருவன் இருக்க வேண்டும். அவன் அந்த அறைதான். அறையின் நீளம் 13 அடி. அந்த நீளத்தில் ஒலி முன்னும் பின்னும் மோதி, வினாடிக்குச் சுமார் 44 அதிர்வுள்ள ஸ்வரத்தை மட்டும் ஊதிப் பெரிதாக்கும். பேஸ் கிதாரில் அடித்தந்தியின் முதற் கட்டை அநேகமாக அதே ஸ்வரம். போதாக்குறைக்குப் பெட்டியை மூலையில் வேறு வைத்திருந்தான். மூலையில் நின்று பேசினால் குரல் கனப்பது போல, மூலையில் வைத்த பெட்டிக்கும் பொய்யான கனம் வந்துவிடும். கடைகளில் இருக்கும் சிறு அறையில் கேட்டு மயங்கி வாங்கியவர்கள், கல்யாண மண்டபத்தில், "அந்தக் கர்ஜனை எங்கே போயிற்று?" என்று தவிப்பது இதனால்தான். அது பெட்டியின் கர்ஜனையே அல்ல. கடைச் சுவரின் கர்ஜனை.

வாத்தியாரின் காதைப் பற்றி நான் வியந்தபோது எனக்கு ஸர் சி. வி. ராமனின் ஞாபகம் வந்தது. வட்டமான தோல் வாத்தியங்களில் பொதுவாக இசைக்கு ஒத்து வராத ஒலிகளே எழும். மிருதங்கத்தில் மட்டும் அது ஏன் சுருதியோடு சேர்கிறது? வலந்தலையின் நடுவில் பூசியிருக்கும் கருஞ்சாந்து வட்டமே அந்த ஒலிகளை ஒன்றுக்கொன்று இசைவான அளவில் நிறுத்துகிறது என்று ராமன் தம் சகா ஒருவருடன் 1920-இல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார். 1934-இல் அதை மேலும் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். அந்த வட்டத்தை எவ்வளவு கனமாகப் பூச வேண்டும் என்று ராமனுக்கு முன்னால் எந்த எஞ்சினீயரும் கணக்குப் போட்டுக் கொடுக்கவில்லை. தட்டிப் பார்த்து, கேட்டுப் பார்த்து, மறுபடியும் தேய்த்துப் பூசிய தலைமுறைகளின் காதே அதைக் கண்டுபிடித்தது. விஞ்ஞானம் பின்னால் வந்து, "சரிதான்" என்று கையெழுத்துப் போட்டது.

மறுநாள் காலையில் இரண்டு பெட்டிகளையும் நாலு பேராகத் தூக்கி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். (ஒழுகுகிற மாடியும் ஒன்றுக்கு உதவிற்று!) திறந்த வெளியில் மோதித் திரும்புவதற்குச் சுவர் இல்லை, பெட்டி தன் சொந்தக் குரலில்தான் பேச வேண்டும். முதலில் கண்ணும் கையும் செய்யும் சோதனைகள். பெட்டியின் பக்கங்களை விரல் மொட்டியால் தட்டினோம். 'தட்' என்று அடங்கினால் நல்லது, 'டொம்' என்று நீண்டால் பலகையும் சேர்ந்து பாடுகிறது என்று பொருள். மின்சாரம் இல்லாத நேரத்தில் கூம்பை நாலு விரலால் சமமாக மெல்ல அழுத்தினோம். உள்ளே சரசரவென்று உராய்ந்தால் கம்பிச் சுருள் கெட்டிருக்கிறது. ஒவ்வொரு ஸ்பீக்கரின் கம்பியையும் கழற்றி மீட்டர் வைத்தோம். எட்டு ஓம் ஸ்பீக்கர், மீட்டரில் சுமார் ஆறு காட்டும். அயல்நாட்டுப் பெட்டியில் மூன்று ஸ்பீக்கர்கள் ஆறு காட்டின. நான்காவது மூன்று காட்டிற்று. உற்றுப் பார்த்தால் அதன் காகித நிறமும் வேறு. யாரோ எப்பொழுதோ ஒன்றைக் கழற்றிவிட்டு, பொருந்தாத நான்கு ஓம் ஸ்பீக்கரைப் பூட்டியிருக்கிறார்கள். நாலு மாடு பூட்டிய வண்டியில் ஒன்று மட்டும் கன்றுக்குட்டி!

பெட்டியைத் தலைகீழாகச் சாய்த்தபோது தங்கைதான் அதைக் கண்டாள். அடியிலிருந்து நாலு விரற்கடை உயரத்துக்கு மங்கலாக ஒரு கோடு. அதற்குக் கீழே ஆணிகளில் துரு. மூலையில் பலகை அடுக்கு அடுக்காகப் பிரியத் தொடங்கியிருந்தது. "இது தண்ணீர் நின்ற கோடு, அண்ணா. எங்கள் பீரோவிலும் இதே கோடு இருக்கிறது" என்றாள். பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொன்னவள் அவள்! சிட்லபாக்கத்தில் குடித்தனம் செய்கிறவர்களுக்கு வெள்ளத்தின் கையெழுத்தை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

பிறகு காதின் சோதனை. பையனை அடித்தந்தியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு கட்டையாக, ஒரே பலத்துடன் மேலே ஏறச் சொன்னோம். நல்ல பெட்டியில் எல்லா ஸ்வரமும் ஒரே கனத்துடன் வரும். ஒன்று முழங்கி, அடுத்தது மறைந்துபோகக் கூடாது. நாங்கள் மாடியின் மறு கோடியில் போய் நின்றோம். வாத்தியார் கண்களை மூடிக்கொண்டார். அயல்நாட்டுப் பெட்டி மேல் ஸ்வரங்களில் தேனாக இனித்தது. கீழே இறங்க இறங்க மெலிந்தது. பல்லாவரத்துப் பெட்டி கீழே கனமாக நின்றது. ஆனால் ஒரு ஸ்வரத்தில் மட்டும் 'கிர்ர்' என்று பலகை ஒன்று சிணுங்கிற்று.

கீழே மெலிவது ஒரு பெருங் குற்றமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1969-இல் வெளிவந்து புகழ் பெற்ற ஆம்பெக் கம்பெனியின் பெட்டி, பத்தங்குல ஸ்பீக்கர்கள் எட்டு அடைத்தது. அதன் பருமனைக் கண்டு வாத்தியக்காரர்கள் 'ஃப்ரிஜ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய பெட்டிகூட 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே பலம் குறையத் தொடங்கிவிடும். ஆனாலும் கேட்பவர்களுக்குக் குறை தெரிவதில்லை. ஒரு ஸ்வரத்தின் அடிநாதம் மெலிந்திருந்தாலும், அதன் மேலே அடுக்கடுக்காக எழும் உபநாதங்களைக் கொண்டு நம் காது அடிநாதத்தைத் தானே கற்பித்துக்கொள்ளும். சின்ன ரேடியோவிலும் தாழ்ந்த குரலை நாம் அடையாளம் கண்டுகொள்வது இப்படித்தான். அதோடு, மெல்லிய சத்தத்தில் தாழ்ந்த ஸ்வரங்களை நம் காது சரியாகக் கேட்பதில்லை என்று ஃப்ளெட்சர், மன்ஸன் என்ற இருவர் 1933-இலேயே அளந்து காட்டினார்கள். ஆகவே ஒரு பெட்டியை மெல்லவும் வாசித்துப் பார்க்க வேண்டும். உரக்கவும் வாசித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் ஒலிக்கும்படி சரி செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சற்று உரக்கக் கத்துவதே நல்லது என்று காது ஏமாந்துபோகும்.

இவ்வளவும் ஆன பிறகு வாத்தியார், "தம்பி, இதுவரை நீ தனியாவர்த்தனம் செய்தாய். உன் உத்தியோகம் அது இல்லையே! நான் வாசிக்கிறேன், கூட வா" என்றார். மிருதங்கம் வந்தது. தொப்பியின் நடுவில் ரவையைப் பிசைந்து ஒட்டி, தட்டிப் பார்த்து, சிறிது கிள்ளி எடுத்து, மறுபடியும் தட்டிப் பார்த்தார். பத்து நிமிஷம் இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். முதலில் ஒரு பெட்டியில், பிறகு மற்றதில். முடிந்ததும் அவர் சொன்னது இது: "அந்தப் பெரிய பேர்க்காரன் என் தொப்பி உட்காருகிற இடத்திலேயே வந்து உட்காருகிறான். அவன் பேசினால் நான் கேட்கவில்லை. இவன் எனக்குக் கீழே உட்கார்ந்து என்னைத் தாங்குகிறான். அந்தச் சிணுங்கலை மட்டும் நிறுத்திவிட்டால் போதும்."

என் அபிப்பிராயத்தில் இந்த விஷயத்தின் சாரம் முழுவதும் அந்த வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது. ஆதார வாத்தியத்துக்கான பெட்டியைத் தனியாகக் கேட்டு மதிப்பிடுவது, தூணை மண்டபத்திலிருந்து கழற்றி எடுத்து அழகு பார்ப்பது போல. தனியாகக் கேட்கும்போது இனிக்கும் பெட்டி, கூட்டத்தில் பிறர் குரலை விழுங்கலாம். தனியாகக் கேட்கும்போது சாதாரணமாகத் தோன்றும் பெட்டி, கூட்டத்தில் எல்லாரையும் தாங்கலாம். அதன் வேலை தாங்குவதுதான் என்றால், தாங்கும்போதுதான் அதை எடை போட வேண்டும்.

விலையையும் இப்படியே கணக்கிட்டோம். வாடகை 1,500 என்றால், 22,000 ரூபாய்ப் பெட்டி பதினைந்து கச்சேரிகளில் தன் விலையைச் சம்பாதித்துவிடும். அதாவது ஐந்து மாதம். 45,000 ரூபாய்ப் பெட்டிக்கு முப்பது கச்சேரிகள் வேண்டும், பத்து மாதம். அதன்மேல் பொருந்தாத ஸ்பீக்கரை மாற்ற வேண்டும். அந்த அடிப்பலகை எத்தனை மழைக்குத் தாங்குமோ தெரியாது. உரிமையாளரிடம் நடந்ததைச் சொல்லி, விலையைக் குறைக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டோம். "இந்தப் பெயருக்கே அவ்வளவு விலை உண்டு" என்றார். அவர் சொன்னது நியாயந்தான். பெயருக்கு விலை உண்டு. ஆனால் பெயரை யாரும் மேடையில் வாசிக்க முடியாது.

பல்லாவரத்துத் தச்சரிடம் சிணுங்கலைப் பற்றிச் சொன்னபோது அவர் வாதாடவில்லை. பெட்டியைத் திறந்து, ஒரு பக்கப் பலகையிலிருந்து எதிர்ப் பக்கப் பலகை வரை குறுக்குச் சட்டம் ஒன்றைப் பசை வைத்து இறுக்கினார். 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். சிணுங்கல் ஒழிந்தது. பொருளின் மதிப்பில் இதையும் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. செய்தவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். குறையைச் சொன்னால் காது கொடுக்கிறார். நாளைக்கு ஒன்று பழுதானால் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போகலாம். எந்த விலைச் சீட்டிலும் அச்சிடாத லாபம் இது.

"ஆக, சுதேசிச் சாமான் என்பதனால் வாங்கினீர்களாக்கும்!" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சுதேசி என்பதற்காக மட்டும் வாங்கவில்லை. சுதேசி என்பதற்காகக் குறைத்து மதிக்கவும் இல்லை. பின்னது முன்னதைவிட நம்மவர்களுக்குக் கடினமான விரதம். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோது, ஓட்டிய கப்பல்கள் அயல்நாட்டில் கட்டியவைதான். கப்பலின் இரும்பு எங்கிருந்து வந்தது என்பதல்ல, அதை நாமே பார்த்துத் தேர்ந்து நாமே நடத்த முடியும் என்பதே அங்கே சுதேசியம். அயல்நாட்டுப் பெட்டி சோதனையில் தேறியிருந்தால் அதை வாங்குவதிலும் இழுக்கில்லை. நம் காதை அடகு வைத்துவிட்டு ஒரு பெயரை வாங்குவதுதான் இழுக்கு. அந்தப் பெயர் அயல்நாட்டுப் பெயரானாலும் சரி, சுதேசிப் பெயரானாலும் சரி.

பெட்டிக்கு ஆன செலவு 23,500. மிச்சம் 26,500 மாடிக்குப் போயிற்று. ஐப்பசிக்கு முன்பே வேலை முடிந்தது. பையனுக்குப் பூரண திருப்தி என்று சொன்னால் அது பொய்யாகும். மேல் ஸ்வரங்களில் அந்த அயல்நாட்டுப் பெட்டி கொடுத்த இனிமையை அவன் இன்னும் மறக்கவில்லை. எப்பொழுதாவது பெருமூச்சு விடுகிறான். அந்த இனிமை நிஜமானதே. மூன்று ஆசைகளில் இரண்டுதான் கிடைக்கும் என்ற விதி பெட்டிகளுக்கு மட்டும் ஏற்பட்டதல்லவே!

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனிமேல் ஏதாவது கல்யாண வரவேற்புக்குப் போனால், மேடைக்கு அருகில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொள்ளாதீர்கள். நடு மண்டபத்துக்கு வந்து, பாடகரின் குரலை ஒரு நிமிஷம் மறந்துவிட்டு, அதற்கு அடியில் நடப்பதைக் கேளுங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகத் தெரிகிறதா? தபேலாவுக்கும் டிரம்ஸுக்கும் இடம் விட்டு ஒலிக்கிறதா? அப்படியானால், அங்கே ஒரு நல்ல பெட்டியும் அதைக் காது கொடுத்துத் தேர்ந்தெடுத்த ஒருவரும் இருக்கிறார்கள். பந்திக்குப் போகும் வழியில் அந்த மூலையில் நிற்கும் பேஸ் கிதார்க்காரரிடம், "நன்றாயிருந்தது, தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அவருக்கு அதைச் சொல்பவர்கள் மிகவும் குறைவு.